கேட்டக்கா போட்ட லீவு சட்டம்

நாற்பத்தி ஒண்ணு. இந்த எண்ணை எங்கயாவது குறிச்சு வெச்சுக்கோங்க. நாலாயிரம் பேர் உக்கார்ற ஹாக்கி மைதானம். ஆடுறது சம்பளம் வாங்குற டீம். அதைப் பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்த கூட்டம் அவ்வளவுதான். அதுலயும் பதினாறு பேர் ஆடுறவங்களோட சொந்தக்காரங்க. ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. ஒருத்தர் பக்கத்து ஆஸ்பத்திரின்னு நினைச்சு பழக்கூடையோட உள்ள வந்து, பாதி ஆட்டம் வரைக்கும் பேஷண்டைத் தேடிட்டு, பழத்தை கோல்கீப்பர்கிட்ட கொடுத்துட்டுப் போனவர்.

இந்தக் கணக்கைச் சொன்னது கேட்டக்கா. ரெண்டாம் நம்பர் கேட்டுல டிக்கெட் கிழிக்கிறவங்க. பத்தொன்பது வருஷமா அதே இரும்புக் கேட், அதே மூணுகால் ஸ்டூல். அந்த ஸ்டூலு தெருவைப் பார்த்துப் போட்டிருக்கும். அதனால அத்தனை வருஷமும் ஹாக்கிக்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தவங்க. ஆட்டத்தோட சட்டம் ஒண்ணும் தெரியாது. ஆனா ஆளைத் தெரியும். யாரு எந்த வரிசை, யாரு யாரோட பேச மாட்டாங்க, யாரு தோத்தா அழுவாங்க, யாரு ஜெயிச்சாலும் அழுவாங்க, எல்லாம் விரல் நுனியில.

நாற்பத்தி ஒண்ணு வந்த மறுநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். அவருக்கு மெத்தை ஃபேக்டரி. ஆபீஸ்லயும் நாற்காலி கிடையாது, மெத்தைதான். அதுல உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும்.

"இத பாருங்கப்பா. நான் மெத்தை விக்கிறவன். காலி மெத்தையைப் பார்த்தா ஆள் படுப்பாங்கன்னு நம்பிக்கை வரும். காலி நாற்காலியைப் பார்த்தா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. இன்னும் பன்னெண்டு ஆட்டம் இங்க பாக்கி இருக்கு. கடைசி ஆட்டத்துக்கு நானே வந்து தலையை எண்ணுவேன். அறுநூறு தலை இல்லைன்னா டீமை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"கேட்டையும் தூக்கிட்டுப் போவீங்களாய்யா?"ன்னு கேட்டாங்க கேட்டக்கா.

"அந்த ஊர்ல கேட் தானாத் திறக்கும்மா."

கேட்டக்கா மனசுக்குள்ள கணக்குப் போட்டாங்க. டீம் போனா ஸ்டூல் போச்சு. ஐம்பத்தி ரெண்டு வயசுல வேற எந்தக் கேட்டு இவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு?

முதலாளி ஒரு விளம்பரக்காரரைக் கொண்டுவந்தார். கழுத்துப்பட்டை, பளபள ஷூ, கையில சுட்டிக்காட்டுற குச்சி. அவர் கண்டுபிடிச்ச வழி: நீர்யானை. ஒரு ஆளை நீர்யானை வேஷம் போட்டு ஆட விடுறது. ஏன் நீர்யானைன்னு கேட்டக்கா கேட்டதுக்கு, "அதைப் பார்த்தா பாசம் வரும் மேடம்"ன்னார். வேஷம் வந்துச்சு. பாசத்துக்கு முன்னாடி பிரச்சினை வந்துச்சு. நீர்யானை ரெண்டாம் நம்பர் கேட்டுல நுழையலை. நாலு பேர் பின்னாடி இருந்து தள்ளி, கேட்டக்கா முன்னாடி இருந்து மூக்கைப் பிடிச்சு இழுத்து, ஒரு வழியா உள்ள போச்சு. டிக்கெட் கிழிக்க மறக்கலை.

அன்னைக்கு இருநூத்தி தொண்ணூறு பேர் வந்தாங்க. விளம்பரக்காரர் காலர் தூக்கினார். அடுத்த ஞாயிறு ஐம்பத்தி ரெண்டு.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. கூட்டத்தைக் கூப்பிடுறது வேற, கூட்டத்தை வெச்சுக்கிறது வேற. நோட்டீஸ் ஒட்டினவன் எல்லாம் சங்கம் கட்டிட முடியாது. நீர்யானையைப் பார்க்க வந்தவன் பார்த்துட்டான், போயிட்டான். மறுபடியும் பார்க்க அது என்ன மாமனா மச்சானா?

கேட்டக்கா யோசனை வேற மாதிரி போச்சு. அஞ்சாவது வரிசை மூலை சீட்டுப் பல் டாக்டர் மூணு ஞாயிறா வரலை. திங்கக்கிழமை காலையில நேரா அவர் கிளினிக்குக்குப் போனாங்க. சாய்வு நாற்காலியில ஏறிப் படுத்தாங்க. டாக்டர் லைட்டை இழுத்தார்.

"வாயைத் திறங்க."

"நீங்க முதல்ல திறங்க டாக்டர். மூணு ஞாயிறா ஏன் வரலை?"

டாக்டர் கையில இருந்த கண்ணாடிக் குச்சி கீழ விழுந்துச்சு. "அக்கா! கேட்டக்காவா? நான் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பல்லு விழுந்தா நாக்கு அங்கயே போய்ப் போய் நிக்கும்ல? அப்படித்தான்."

டாக்டர் கண்ணு கலங்கிடுச்சு. "என் சம்சாரமே ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருக்கேனா இல்லையான்னு பார்க்க மாட்டாக்கா."

"அதை அவங்ககிட்ட பேசுங்க. எனக்கு லீவு லெட்டர் வேணும். சொல்லாம நின்னுட்டா நான் ஒத்துக்க மாட்டேன்."

டாக்டர் மருந்து எழுதுற சீட்டுலயே எழுதினார்: 'கடும் சோம்பல் காரணமாக மூன்று ஆட்டங்களுக்கு விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.' கேட்டக்கா அதுல 'சரி' போட்டு பையில வெச்சுக்கிட்டாங்க. போற போக்குல ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கிட்டாங்க. வந்தது வீண் போகக் கூடாதுல்ல?

அடுத்த ஞாயிறு டாக்டர் வந்தார். கூட ரெண்டு நர்ஸ். கூடவே பாதி அடைச்ச பல்லோட ஒரு பேஷண்ட்.

விஷயம் தீயாப் பரவிடுச்சு. நம்மளைக் காணோம்னு தேடுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னா மனுஷன் எங்க வேணாலும் வருவான். கேட்டக்கா நீளமான நோட்டு ஒண்ணு போட்டாங்க. பேரு, சீட்டு, வராத நாள், காரணம். நோட்டுல பேரு ஏறணும்னு ஜனங்க வரிசையில நின்னாங்க. லீவு லெட்டர் மழையாக் கொட்டிச்சு. 'என் மாமியார் ஊரில் இருந்து வருகிறார், தப்பிக்க வழியில்லை'ன்னு ஒரு தையல்காரர் எழுதினார். கேட்டக்கா சிவப்பு மையில 'மாமியாரையும் கூட்டி வரவும்'னு எழுதித் திருப்பி அனுப்பினாங்க. வந்த மாமியார் முதல் நாளே நடுவரைப் பார்த்து, "கண்ணைப் பரணுல வெச்சுட்டு வந்தியாடா?"ன்னு கேட்டு, மொத்த ஸ்டாண்டையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. தையல்காரர் இன்னைக்கும் கேட்டக்காகிட்ட பேசுறது இல்லை. ஆனா ஆட்டத்துக்கு வந்துடுறார்.

நோட்டுல ஐநூத்தி முப்பது பேர் ஏறியாச்சு. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் பாதிப் பேர் லீவு. லெட்டர் எழுதுற சுகம் ஹாக்கி பார்க்கிறதுல இல்லை போல.

அஞ்சு ஆட்டம் பாக்கி இருக்கும்போது கேட்டக்கா வீட்ல இதைச் சொல்லிப் புலம்பினாங்க. வீட்டுக்காரர் பாட்டில் ஃபேக்டரியில வேலை. சங்கத்துல இருபது வருஷம். சோத்துல உப்பு கம்மின்னாக்கூட மூணு கோரிக்கையா எழுதிக் கொடுக்கிற ஆளு.

"அடியே, உன் லீவு முறையே தப்பு. கேட்டவனுக்கெல்லாம் லீவு கொடுத்தா அது பிச்சை. உழைச்சவனுக்கு லீவு கொடுத்தா அதுதான் உரிமை. நாலு ஆட்டம் விடாம வரணும். வந்தவனுக்கு அஞ்சாவதுல ஒரு நாள். காரணம் கேக்கக் கூடாது. சேர்த்தும் வெக்க விடாதே, அடுத்த ஆட்டத்துலயே எடுத்தாகணும்."

"சம்பளத்தோடயாங்க?"

"கிண்டல் பண்ணாதே. எழுது."

எழுதி கேட்டுல ஒட்டினாங்க. சட்டம் பிச்சுக்கிட்டுப் போச்சு. சும்மா கிடைச்ச லீவுல இல்லாத ருசி சம்பாதிக்கிற லீவுல இருக்கே! காய்ச்சலோட வந்தான் ஒருத்தன். கால்ல கட்டோட வந்தான் இன்னொருத்தன். பல் டாக்டர் பேஷண்டைப் பஞ்சோட விட்டுட்டு வந்தார். நாலு ஆட்டம், ஒரு ஆள் குறையலை. விளம்பரக்காரர் குச்சியை மடக்கிப் பையில வெச்சுட்டார். டீம் நாலுலயும் தோத்துச்சு. அதை யாரும் கண்டுக்கலை.

அப்புறம் வந்துச்சு வியாழக்கிழமை. தபால்காரர் மூட்டையோட வந்தார். "அக்கா, உங்களுக்குத்தான். இடுப்பு போச்சு."

பிரிச்சுப் பார்த்தா அத்தனையும் லீவு லெட்டர். ஐநூத்தி பதினேழு. நாலு ஆட்டம் எல்லாரும் ஒண்ணா வந்தாங்க. அப்போ அஞ்சாவதுல எல்லாருக்கும் ஒண்ணா லீவு. அந்த அஞ்சாவதுதான் கடைசி ஆட்டம். முதலாளி தலை எண்ணுற ஆட்டம்.

சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்.

"எல்லார் லீவையும் ரத்து பண்ணிடுறேன்"ன்னாங்க கேட்டக்கா.

வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சார். "சம்பாதிச்ச உரிமையைப் பறிக்கிறியா? உன் கேட் முன்னாடியே தர்ணா உக்காருவேன்."

"உக்காருங்க. டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்து உக்காருங்க. ஒரு தலை கூடும்."

"விளையாடாதே. நீ கொடுத்த வாக்கை நம்பித்தானே அவங்க வந்தாங்க? அதை மாத்தினா உனக்கும், ஒரே நாள் கூட்டம் சேர்த்த அந்த நீர்யானைக்கும் என்ன வித்தியாசம்?"

அது சுருக்குன்னு குத்திச்சு. உண்மைதானே. கேட்டக்கா அன்னைக்குச் சாப்பிடலை. பழைய நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டுக் கேட்டுக்குப் போனாங்க. வெள்ளிக்கிழமை காலையில கேட்டுல பெரிய எழுத்துல ஒரு அறிவிப்பு:

'அனைவரது லீவும் ஏற்கப்பட்டது. லீவு எடுப்பவர் ஞாயிறு நாலு மணிக்கு டிக்கெட்டுடன் நேரில் வந்து, தன் சீட்டில் அமர்ந்து, கையெழுத்திட்டு லீவைத் தொடங்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி கையெழுத்திட்டு லீவை முடிக்க வேண்டும். இடையில் யாரும் ஹாக்கி பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.'

வீட்டுக்காரர் மூணு தடவை படிச்சார். ஓட்டை தேடினார். கிடைக்கலை. "எங்க மேனேஜருக்குக்கூட இப்படி ஒரு அக்கிரமம் தோணினது இல்லைடி"ன்னார். குரல்ல பெருமை தாங்கலை.

ஞாயிறு வந்துச்சு. மூணரை மணி வரைக்கும் தெருவுல ஈ காக்கா இல்லை. கேட்டக்கா ஸ்டூல்ல உக்காந்தாங்க, எந்திரிச்சாங்க, உக்காந்தாங்க. மூணே முக்காலுக்கு முனை திரும்பி முதல் ஆள் வந்தார். பல் டாக்டர். பைஜாமா, வீட்டுச் செருப்பு, அக்குள்ல தலையணை.

"என்ன கோலம் டாக்டர் இது?"

"நான் லீவுல இருக்கேன்கா. லீவுல எப்படி இருப்பேனோ அப்படித்தான் வருவேன்."

பின்னாடியே வந்தாங்க பாருங்க! நைட்டி, அரைக்கால் சட்டை, தலையில எண்ணெய், கையில செய்தித்தாள். ஒருத்தர் பாதி ஷேவிங்கோட. தையல்காரர் மாமியார் சாய்வு நாற்காலியோட. லீவு நாள்னா குடும்பத்தோட இருக்கணும்னு சிலர் குடும்பத்தையே ஓட்டிட்டு வந்தாங்க. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு அவங்கவங்க சீட்டுல உக்காந்து, ஒரே மாதிரி திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிட்டாங்க. லீவுல இருக்கிறவங்க வேலை பார்க்கலாமா? கொள்கைன்னா கொள்கை.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். ஃபேக்டரியில மெத்தை எண்ணுற சின்ன மெஷின் கையில. ஸ்டாண்டைப் பார்த்தார். வாயைப் பொளந்துட்டார்.

"ஏம்மா, ஏன் எல்லாரும் திரும்பி உக்காந்திருக்காங்க?"

"அவங்க லீவுல இருக்காங்கய்யா."

"லீவுல இருக்கிறவங்க இங்க ஏன் இருக்காங்க?"

"வேற எங்கய்யா போவாங்க?"

முதலாளி மெஷினைத் தூக்குறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சு, மைதானத்துல டப்புன்னு ஒரு சத்தம். பந்து வலைக்குள்ள. நம்ம டீம் கோல்! நடுவர் கையை ஆட்டி, கோல் இல்லைன்னுட்டார். ஸ்டாண்டுல ஒரு முதுகு துடிச்சது. பக்கத்து முதுகு துடிச்சது. மாமியார் சாய்வு நாற்காலியோட முழுசாத் திரும்பினாங்க.

"டேய் நடுவரே! நான் இன்னைக்கு லீவு! அதனால பொழைச்சுப் போற!"

அவ்வளவுதான். மொத்த ஸ்டாண்டும் திரும்பி எந்திரிச்சு நின்னு கத்துச்சு. தலையணை பறந்துச்சு. பல் டாக்டர், "லீவை ரத்து பண்ணுங்கக்கா, நான் வேலைக்குத் திரும்புறேன்"னு கத்தினார்.

"இது செல்லாது மேடம்"ன்னார் கூட வந்திருந்த விளம்பரக்காரர், முதலாளி காதுல விழுற மாதிரி. "லீவுல இருக்கிறவங்களை வந்ததா எப்படிக் கணக்கு பண்றது?"

கேட்டக்கா முதலாளியைத்தான் பார்த்தாங்க. "ஐயா, நீங்க என்ன எண்ணுவேன்னு சொன்னீங்க?"

"தலையை."

"எண்ணுங்க."

முதலாளி ஒவ்வொரு வரிசையா நடந்தார். மெஷின் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு இடத்துல தலையணை அவர் மேல விழுந்துச்சு. எடுத்து அமுக்கிப் பார்த்து, "பஞ்சு மட்டம்"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கேட்டக்கா நோட்டோட பின்னாடியே போனாங்க. கடைசி வரிசை கடைசி சீட்டுல நின்னு, மெஷினைத் திருப்பி அவங்ககிட்ட காட்டினார்.

அறுநூத்தி நாற்பத்தி மூணு.