ஒரு ஸலவாத்து நேரம்

கட்டைவிரலை நோயாளியின் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் வைத்து அழுத்துகிறாள் சுல்பிகா. மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விரலை எடுக்கிறாள். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது. உடனே உதடுகள் நபியை வாழ்த்தும் ஸலவாத்தை ஓதத் தொடங்குகின்றன: "அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத், யா ரப்பி ஸல்லி அலைஹி வஸல்லிம்." கண் குழியை விட்டு அசையாது. பாதி ஓதுவதற்குள் குழி நிரம்பி மட்டமாகிவிட்டால் போனைப் பார்த்து, "அரை ஸலவாத்து, டொக்டர்" என்பாள். கண்டியில் இருக்கும் டொக்டர் தனஞ்சயன் அதை அப்படியே எழுதிக்கொள்வார். ஒருவர் காலில் எவ்வளவு நீர் தேங்கி நிற்கிறது என்பதற்கு அவர்கள் இருவரும் வைத்திருக்கும் அளவு அது.

"ஸலவாத்தையும் மீற்றராக்கிட்டியே கா" என்று சாய்ந்தமருதில் ஒருத்தி கேலி செய்தாள். சுல்பிகா அசரவில்லை. "மீற்றர் ஓடினா நன்மை கிடைக்குமா? இதுக்குக் கிடைக்கும்" என்றாள்.

வயது நாற்பத்து மூன்று. கறுப்பு அபாயா, பழைய ஸ்கூட்டி, தோளில் ஒரு பை. பைக்குள் பிறசர் பார்க்கும் மெசின், சீனி பார்க்கும் மெசின், விரலில் மாட்டும் கிளிப், தையல்காரரின் நாடா, இரண்டு சார்ஜர். இவள் தாதியும் இல்லை, மருந்து கலக்கத் தெரிந்தவளும் இல்லை. டொக்டர் தனஞ்சயன் ஞாயிறுதோறும் வந்துபோன டிஸ்பென்சரியில் வாசலில் இருந்து நம்பர் துண்டு கொடுத்தவள். கொரோனா வந்து வீதிகளை மூடியபோது டொக்டரால் கண்டியை விட்டு வர முடியவில்லை. நோயாளிகளின் வீட்டு வாசல் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இவள்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் கேட்டதும் போனை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கொரோனா போய்விட்டது. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை நாற்பது வீடுகளுக்கு மேல் இன்னும் அவளை எதிர்பார்த்திருக்கின்றன.

எந்த வீட்டில் எந்த மூலையில் கவரேஜ் கிடைக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு வீட்டில் குசினிக்குள்தான் மூன்று கோடு காட்டும். அதனால் அந்த வீட்டு வாப்பா வாரத்தில் ஒருநாள் சாய்மனைக் கதிரையோடு குசினிக்குக் குடிபெயர்வார். இன்னொரு வீட்டில் கிணற்றடி. போன் விட்டுவிட்டு வேலை செய்தால் அதையும் ஒரு நோயாளியைப் போலவே அதட்டுவாள்: "கதைச்சிட்டுப் படுடா!"

நோயாளிகளின் கூத்து வேறு. டொக்டர் வீடியோவில் வருகிறார் என்றால் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சீலை மாற்றி, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று நாளாகச் சோறு இறங்காதவரும் டொக்டர் கேட்டால் சிரித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்பார். டொக்டர் காரைதீவில் பிறந்து வளர்ந்தவர். இந்தக் கரையின் மரியாதை அவருக்குத் தெரியாததல்ல. "சுல்பிகா, இது எந்த மாதிரி அல்ஹம்துலில்லாஹ்?" என்று கேட்பார். "இது படுத்துக் கிடக்கிற அல்ஹம்துலில்லாஹ், டொக்டர்" என்று இவள் உள்ளதை உடைத்துவிடுவாள்.

ஆரம்பத்தில் இவளுடைய பேச்சு டொக்டருக்குப் பிடிக்கவில்லை. புண் எவ்வளவு பெரிது என்று கேட்டால் "புளியங்கொட்டையளவு" என்பாள். சிறுநீர் என்ன நிறம் என்றால் "சாயம் கூடின பிளேன்டீ". புண்ணைச் சுற்றி எப்படி என்றால் "அவிச்ச இறால்". சென்ரிமீற்றரில் சொல்லுங்கள் என்று ஏசினார். அதற்காகத்தான் தையல் நாடா வாங்கினாள். ஆனால் ஒரு மாதம் கழித்து டொக்டரே ஒருநாள், "போன கிழமை புளியங்கொட்டை எண்டீங்க, இப்ப எப்பிடி?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நாடா பையின் அடியில் கிடக்கிறது.

போனுக்குள் வைத்தியம் பலிக்குமா என்று ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. கைபிடித்து நாடி பார்க்காத வைத்தியமும் ஒரு வைத்தியமா என்று கேட்பவர்களிடம் சுல்பிகா வாதாடுவதில்லை. "போன் என்ன செய்யும் காக்கா? காட்டினதத்தான் அது காட்டும். காட்டாதத ஆரு சொல்லுற?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டியை உதைப்பாள். அந்தக் கேள்வி அவளுக்குச் சும்மா வந்ததல்ல. அது மீன் வியாபாரி பளீல் காக்காவின் இரண்டு விரல்களைக் கொடுத்து வாங்கியது.

பளீல் காக்காவுக்குச் சீனி வருத்தம். இடது காலில் முள் குத்திப் புண். அன்னிய ஆம்பிளையின் அறைக்குள் போவது சரியில்லை என்று சுல்பிகா விறாந்தையில் நின்றுகொண்டு, போனைத் திரைச்சீலைக்குள்ளால் அவருடைய மனைவியிடம் நீட்டினாள். வலது காலைக் காட்டுங்கள் என்றார் டொக்டர். காட்டினார். இடது கால் என்றார். அதையும் காட்டினார். நல்லாயிருக்கிறது என்று டொக்டர் சந்தோஷப்பட்டார். காக்கா இரண்டு தரமும் காட்டியது வலது காலைத்தான்! புண்ணைக் கண்டால் கடற்கரை மீன்வாடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "மிச்சம் எட்டுக் கிடக்குதானே" என்று அவர் இன்றைக்கும் சிரிக்கிறார். சுல்பிகாவுக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றது அவள்தானே. அதன் பிறகு எந்த வீட்டிலும் தன் கண்ணால் பார்க்காத எதையும் டொக்டரிடம் சொல்ல விட்டதில்லை. ஆம்பிளை நோயாளி என்றால் மனைவியோ மகளோ தொடுவார்கள், இவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு சோதனை வந்தது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஸம்ஸியா மாமிக்கு அறுபத்தொரு வயது. இதயம் பலவீனம். இரண்டு வருடமாக நீரை இறக்கும் குளிசையில்தான் வண்டி ஓடுகிறது. அவருடைய கணவர் ஜவுபர் திடீரென்று மௌத்தானார். மாமி வெள்ளை உடுத்து, கணவனை இழந்த பெண்கள் அனுசரிக்கும் இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே இறங்காமல், அன்னிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். டொக்டரின் முகத்தைப் பார்க்கவும் மாமிக்கு மனமில்லை. தன் முகத்தைக் காட்டவும் மனமில்லை. அதனால் அந்த அறையில் மட்டும் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிடுவாள் சுல்பிகா. குரல் மட்டும் வரும், போகும். மற்றதெல்லாம் இவளுடைய கண்ணும் கட்டைவிரலும்தான்.

மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் முடிந்து இரண்டாம் நாள் போனாள். மகள் நுஸ்ஹா கதவைத் திறந்துவிட்டாள். மாமி இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார்.

"எப்பிடி உம்மா இருக்கீங்க?" என்றது கவிழ்ந்து கிடந்த போன்.

"அல்ஹம்துலில்லாஹ், சுகந்தான் மகன்."

"குளிசையெல்லாம் ஒழுங்காக் குடிக்கீங்களா?"

"ஓம் ஓம்."

பிறசர் மோசமில்லை. கிளிப்பும் பயப்படும்படி எதுவும் காட்டவில்லை. சுல்பிகா குனிந்து கட்டைவிரலை அழுத்தினாள். எடுத்தாள். போன கிழமை அரை ஸலவாத்தில் நிரம்பிய குழி. இன்று ஒன்று ஓதி முடித்தாள். குழி அப்படியே கிடந்தது. இரண்டாவதையும் முடித்தாள். விரல் ரேகைகூட அழியவில்லை.

"எத்தின, சுல்பிகா?" என்றார் டொக்டர்.

வாயைத் திறந்தவளின் மணிக்கட்டை மாமி எட்டிப் பிடித்தார். போனுக்குக் கேட்காதபடி, "அரை எண்டு சொல்லு புள்ள" என்றார். "உண்மையச் சொன்னா ஆஸ்பத்திரி எண்டுவாரு. நான் இந்த அறைய விட்டு எறங்க மாட்டன். அவருக்கு நான் செய்யிற கடைசி வேல இது. இதையும் பாதியில விடுறதா?"

அந்தக் கையை உதறவும் சுல்பிகாவால் முடியவில்லை, அரை என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. பளீல் காக்காவின் வலது கால் கண்ணுக்குள் இரண்டு தரம் வந்துபோனது. கடைசியில் சொன்னாள்: "மாமி, இந்தத் தரம் நீங்க ஓதுங்க. நான் விரல வைக்கன். குழி மூடுற எடத்தில நிப்பாட்டுங்க. அதையே சொல்லுவம்."

ஸலவாத்தை வாயில் வைத்துக்கொண்டு பொய் சொல்லுகிற மனிசி இல்லை மாமி. தொடங்கினார். "அல்லாஹும்ம ஸல்லி" என்றதும் நின்றது. மூச்சை இழுத்தார். "அலா முஹம்மத்." மறுபடியும் நின்றது. "யா ரப்பி" என்றபோது தோள் இரண்டும் ஏறி இறங்கின. ஆயுள் முழுவதும் பேச்சோடு பேச்சாக ஓதிய ஸலவாத்து. அதைக் கடைசிவரை கொண்டுபோக அவருக்கு மூச்சுப் போதவில்லை. தலையணையை விட்டு நிமிர்ந்து தன் காலை எட்டிப் பார்த்தார். குழி இன்னும் மூடவில்லை.

டொக்டருக்கு ஓதலின் அர்த்தம் தெரியாது, நீளம் நன்றாகத் தெரியும்.

"உம்மா, அந்தத் தண்ணிக் குளிசைய எப்ப நிப்பாட்டினீங்க?"

இந்தத் தரம் அல்ஹம்துலில்லாஹ் வரவில்லை. மாமி யன்னல் பக்கம் பார்த்தார். சுல்பிகா எழுந்து திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கினாள். முற்றம். முற்றத்தின் கடைசியில் மலசலகூடம். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் தட்டு கட்டுகிறார்கள். சாரத்தில் மூன்று மேசன்மார் நிற்கிறார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை கிழமையாக இந்த யன்னலைத் தொடாமல் விட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"டொக்டர்," என்றாள். "அந்தக் குளிச குடிச்சா நாளைக்கு ஏழெட்டுத் தரம் முத்தத்தால போகணும். பக்கத்து வீட்டு மேசன்மார் காலையிலிருந்து மேலதான் நிக்காங்க. அதான் மாமி குடிக்கல்ல. ரெண்டு ஸலவாத்து முடிஞ்சும் குழி கிடக்கு."

"இண்டைக்கே கொண்டு போங்க," என்றார் டொக்டர். "நான் அங்க உள்ள டொக்டரோட கதைக்கன். பொம்புளைகள்ர வார்ட்தான், உம்மா. நாளைக்கு எண்டு வைக்காதீங்க."

மாமி அழுதார். சுல்பிகா கட்டிலில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி போறதால இத்தா முறியாது மாமி. மௌலவிக்கிட்ட நுஸ்ஹா கேட்டுத்தான் வெச்சிரிக்கா, எனக்கிட்டச் சொன்னவ, ஒங்களுக்குச் சொல்லத்தான் பயந்தவ. மாமாக்கு நூத்தி முப்பது நாளும் முழுசா இருந்து குடுக்கணுமெண்டா அதுக்கு நீங்க உசிரோட இரிக்கணுமே!"

மகள் நுஸ்ஹா கதவுக்குப் பின்னால் நின்று விம்மினாள். மாமி அவளைக் கூப்பிட்டு, பெரிய வெள்ளைத் துணியை எடுத்துத் தரச் சொன்னார். மருமகன் தன் ஆட்டோவின் இரண்டு பக்கமும் திரையை இறக்கி, அதை வாசற்படியோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மாமி வீடு வந்தபோது முற்றத்தில் கதவிலிருந்து மலசலகூடம் வரைக்கும் தோணி மூடுகிற நீலப் படங்கு ஆளுயரத்துக்குக் கட்டி, மேலாலும் மூடிக் கிடந்தது. சுல்பிகா மருமகனைப் பக்கத்தில் நின்று அதட்டிக் கட்டுவித்தது அது. சாரத்தில் நின்ற மேசன்மாரில் ஒருவர் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாராம்.

அதற்கடுத்த கிழமை வழக்கம்போலப் போனாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். மாமி ஒரே தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டைவிரலை அழுத்தி, ஐந்து எண்ணி, எடுத்தாள். "அல்லாஹும்ம" என்று தொடங்கியவள் அத்தோடு நின்றுவிட்டாள். அளப்பதற்குக் குழி இல்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். இல்லை.

"எத்தின, சுல்பிகா?" என்றார் டொக்டர்.

அவள் மூன்றாம் தரமும் விரலை வைத்து அழுத்தினாள்.

"என்ன புள்ள, ஸலவாத்து மறந்து போச்சா?" என்று சிரித்தார் மாமி. கண்ணை மூடிக்கொண்டு தானே ஓதத் தொடங்கினார்.

சுல்பிகா போனை எடுத்தாள். அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே மாமியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், அவர் ஒரே மூச்சில் ஓதி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.