என் தையல் கோணல் இல்லை

என் தையல் கோணலாக இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. எனக்கே பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள். இருந்தும், கல்யாண வீட்டில் அவசரத்துக்கு ஓர் ஊசி நூல் வேண்டியிருந்தால், அதை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்று யாராவது சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அது கோணல் இல்லை என்பதை ஒன்பது வயதிலேயே சாட்சியோடு நிரூபித்தவள் நான். நிரூபித்தது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கோணல் மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி நடந்தது. தென்காசியில் பெரியப்பாவுக்குத் துணிக்கடை. அப்பாவும் சித்தப்பாவும் அதே கடையில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. வேளைக்குப் பதினெட்டுப் பேர் சாப்பிடுவோம். அந்த அடுப்பு பெரியம்மாவின் பொறுப்பு. அவளுக்கு உதவியாக அம்மா உண்டு என்றாலும், விடியுமுன் எழுந்து தீ மூட்டுகிறவளும் கடைசியில் சாப்பிடுகிறவளும் பெரியம்மாதான். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபக்காரி என்றும் சொல்ல முடியாது. பேசுவதற்கு அவளுக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த வெள்ளைக்கார மிஸியம்மா அந்த வருஷம் வேலையை விட்டுத் தன் சீமைக்கே திரும்பப் போகிறார் என்று தெரிந்தது. அவருக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று யோசித்தபோது, அதே பள்ளியின் டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னார். மிஸியம்மாவே தையல் வகுப்பில் கற்றுக்கொடுத்த ஒட்டுப் போர்வை. கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, அடியில் முழுத்துணி கொடுத்து, நடுவே பழைய கம்பளி ஒன்றை வைத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவது. குளிர் நாட்டுக்குப் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமானது ஏது?

ஆனால் தென்காசியில் தைக்க முடியாது என்றார் டீச்சரம்மா. மிஸியம்மா எந்த நேரம் எந்த வீட்டுக்குள் நுழைவார் என்று தெரியாது. தைப்பதைப் பார்த்துவிட்டால் ரகசியம் போச்சு. பெரியப்பாவின் சிநேகிதரான செங்கோட்டை மர வியாபாரி ஒருவருக்குக் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில், ஒரு வீடு இருந்தது. அங்கே பத்து நாள் தங்கித் தைத்துவிட்டு வரலாம் என்று சொன்னார்கள். சபைக் காரியம், பெரியப்பாவோ சபையில் முக்கியஸ்தர், மறுக்க வழியில்லை. வீட்டுச் சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்தினார். மூன்று நாளைக்கு ஒரு தடவை காய்கறியோடு வண்டி வரும், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்திருந்தது. பெரியம்மா, அம்மா, டீச்சரம்மா, எங்கள் தெருவிலிருந்து இரண்டு அத்தைமார் என ஐந்து பேர் ஒரு வியாழக்கிழமை வண்டியேறினார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க நல்ல கண்ணுள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் ஆறு நாளும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கூடத்தில் பாயை விரித்துப் போட்டு, சுற்றி உட்கார்ந்து, பேச்சும் தையலுமாக வேலை நடந்தது. சன்னல் வழியே சாரல் தெறிக்கும்போது மட்டும் போர்வையோடு சேர்ந்து எல்லோரும் உள்ளே தள்ளி உட்காருவார்கள். நூல் கோத்துக் கோத்து அலுத்துப்போன நான் எனக்கும் தைக்க வேண்டும் என்று நச்சரித்ததில், நடுவிலே ஒரு முழு வரிசையை என்னிடம் விட்டார்கள். பன்னிரண்டு கட்டம். விரல் நுனியில் ஊசி குத்திய இடங்கள் கறுத்துப்போகத் தைத்தேன். முடித்ததும் டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மிஷினு தோத்துது போ" என்றார். சாட்சியாக மற்ற நான்கு பேரும் அங்கேயே இருந்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் யாருக்குமே இது நினைவில்லாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போர்வை முடிந்தது. மடித்து டீச்சரம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவோம் என்று நினைத்து நான் என் பாவாடை சட்டையைக்கூட மடித்து வைத்துவிட்டேன். யாரும் கிளம்புகிற வழியாக இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றியே யாரும் பேசவில்லை.

புதன்கிழமையிலிருந்து அந்த ஐந்து பேரும் வேறு மனுஷிகளாகிப் போனார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குப் போனால் வெயில் ஏறின பிறகுதான் திரும்புவது. பெரியம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு அருவிக்கு அடியில் நின்று, காது கிழிய ஓ என்று கத்தினாள். வரும் வழியில் மங்குஸ்தான் வாங்கி, சாலையிலேயே உடைத்துத் தின்று, சாயம் பட்ட விரல்களை ஒருவர் சேலையில் ஒருவர் துடைத்துக்கொண்டார்கள். மத்தியானம் கஞ்சியும் துவையலும்தான். சமைப்பதற்கு யாருக்கும் இஷ்டமில்லை. சாப்பிட்டுவிட்டுப் பட்டப்பகலில் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். எழுந்ததும் டீச்சரம்மா பையிலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்து உரக்க வாசிப்பார். ஊரில் வேதப்புத்தகம் தவிர வேறெதையும் அவர் கையில் நாங்கள் கண்டதில்லை. குரங்கு ஒன்று வந்து டீச்சரம்மாவின் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெரியம்மா சிரித்து, புரையேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பெரியவர்கள் இப்படி நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அந்தப் புதன்கிழமை வண்டி வந்தது. சீட்டை வண்டிக்காரரிடம் கொடுக்கச் சொல்லிப் பெரியம்மா என்னிடம் தந்தாள். ஒட்டாத சீட்டு. எழுத்துக் கூட்டாமல் வாசிக்கக்கூடியவள் நான். நடந்துகொண்டே வாசித்தேன். நடுப்பகுதியில் பிள்ளை போட்ட தையல் முழுக்கக் கோணலாகிவிட்டபடியால் எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று, பெரியம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது.

என்ன செய்வதென்று புரியாமல் சீட்டைக் கொடுத்துவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் கோபம் வந்தது. உள்ளே ஓடி அம்மாவிடம் கேட்டேன். பெரியவர்கள் காரியத்தில் தலையிடாதே என்றாள். தெரு அத்தைமார் இருவரும் சிரித்தார்கள். கடைசியில் டீச்சரம்மாவிடம் போனேன். பொய்ச்சாட்சி சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று ஞாயிற்றுப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அதை அவரிடமே ஞாபகப்படுத்தினேன். அவர் கொஞ்சம் திகைத்தாற்போல இருந்தது. பிறகு என் கன்னத்தைத் தட்டி, "ஒரு வாரம் உன் தையலு கோணலா இருந்துட்டுப் போட்டும்ட்டி. அதுக்கப்புறம் நேராயிரும்" என்றார்.

அது எப்படி நேராகும்? நான் அருவிக்குப் போவதை நிறுத்தினேன். மங்குஸ்தானைத் தொடவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். என் வைராக்கியம் ஒருவரையும் உறுத்தவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை வண்டியில் பெரியப்பாவின் பதில் வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்து முடித்துக்கொண்டு வரட்டும்; பிள்ளையை இனிமேல் ஊசியைத் தொட விடவேண்டாம் என்று எழுதியிருந்தார். அது போதாதென்று வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன பிள்ள, போர்வையக் கெடுத்துப்போட்டியாம்லா? கடையில எல்லாரும் சொல்லுதாவ" என்றார். அப்படியானால் அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், கடைச் சிப்பந்திகளுக்குத் தெரியும், துணி வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும்.

உள்ளே போய், டீச்சரம்மாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "மகா கனம் பொருந்திய பெரியப்பா அவர்களுக்கு. என் தையல் கோணல் இல்லை. டீச்சரம்மா மிஷினைப் போல் இருக்கிறது என்றார்கள். போர்வை செவ்வாய்க்கிழமையே முடிந்து பெட்டியில் இருக்கிறது. இவர்கள் தைக்கவில்லை, குளிக்கிறார்கள். வந்து பார்த்தால் தெரியும்." அதை நான்காக மடித்து, பெரியம்மா கொடுக்கச் சொன்னதாகச் சொல்லி வண்டிக்காரரிடம் கொடுத்தேன். உண்மையை நிலைநாட்டுவதற்காகச் சொன்னபடியால் அந்த ஒரு பொய் எனக்குப் பொய்யாகவே படவில்லை.

ஞாயிறு ஆராதனையை விட்டு வரமாட்டார் என்று தெரியும். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் பெரியப்பா வந்து இறங்கினார். எல்லோரும் அருவிக்குப் போயிருந்தார்கள். நான் ஒருத்திதான் வாசலில் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்து வந்து கூடத்தில் நானே விரித்தேன். நடு வரிசையைத் தொட்டுக் காட்டினேன். பெரியப்பா குனிந்து, நுனியிலிருந்து நுனிவரைக்கும், கடையில் துணி பீஸைச் சோதிப்பதுபோல விரலை ஓட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் சாலையில் அவர்கள் சிரிப்பு கேட்டது. ஈரத்தலையோடு, ஒரு பலாப்பழத்தை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு வந்தார்கள். பெரியம்மாதான் முன்னால் வந்தாள். படியில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. அவர் போர்வையைப் பார்த்தபடியே, "பிள்ள தையலு நேராத்தான இருக்கு" என்றார். நிமிர்ந்து, "வண்டியப் பூட்டச் சொல்லுதேன்" என்று வெளியே போனார்.

பெரியம்மா மண்டியிட்டு உட்கார்ந்து போர்வையை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கமில்லாமல் நீவி நீவி மடித்தாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா, "விடு. அவ உள்ளதத்தான சொன்னா" என்றாள். எனக்கு அது வெற்றி என்றே பட்டது. பலாப்பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் என்னைத் தட்டிக்கொடுத்தார். பொய் சொல்லாத பிள்ளை என்று ஒரு புதுப் பென்சில் தந்தார். மிஸியம்மா பிரிவுபசாரத்தில் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதார். எந்த வரிசை யார் தைத்தது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தயாராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆனியில் டீச்சரம்மா வந்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போர்வைகள் தைத்துக் கொடுக்கலாமே என்று மெல்ல ஆரம்பித்தார். தாராளமாகத் தையுங்கள், இங்கேயே கூடத்தில் இடம் இருக்கிறது என்றார் பெரியப்பா. அதே மாதத்தில் அவர் சிநேகிதர்களோடு குற்றாலத்துக்குப் போய், மர வியாபாரியின் அதே வீட்டில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். வருஷா வருஷம் போகிறவர்தான். அங்கே அவர் என்ன தைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்ற எனக்குப் பல வருஷம் ஆயிற்று. தோன்றியபோது அவர் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை நடந்தது ஒன்றுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. சமையலுக்கு அமர்த்திய ஆளை முந்தின நாளே அனுப்பிவிட்டார்கள். நான் பல் தேய்த்துவிட்டு அடுக்களைக்குள் போனபோது பெரியம்மா உரலுக்கு முன்னால் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று கதவோரமே நின்றேன். திட்டவில்லை. குழவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ படிக்கிற பிள்ளல்லா. ஒண்ணு கேக்கட்டா? அங்கன அருவி விழுத சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்துதுல்லா. இங்கன இருந்து காது குடுத்தா கேக்குமோ?"

பூகோளத்தில் நான் வகுப்பில் முதல். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மூன்று மைலுக்கு மேல் இருக்கிறது, அவ்வளவு தூரம் சத்தம் வராது, கேட்பதுபோல் தோன்றினால் அது காற்றுச் சத்தமாகத்தான் இருக்கும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். மாவைத் தள்ளிவிட்டு மறுபடி ஆட்ட ஆரம்பித்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு நான் பள்ளிக்கூடம் போனேன்.