ஈ உட்காரும் கருவாடு

லோகாம்பாள் ஈக்காகக் காத்திருக்கிறார். கிழிந்த வலையை மணலில் விரித்து, அதன் மேல் வாளைக் கருவாட்டை வரிசையாகப் பரப்பி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மற்ற பெண்கள் வேப்பங்கொத்தை வீசி ஈ விரட்டுகிறார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்து மூன்றாவது வரிசையில் இறங்கியது. "ம், ஒக்காந்திச்சி" என்றார். அந்த வரிசையிலிருந்தே ஒரு வாளையை எடுத்து, வால் பக்கம் கிள்ளி, பச்சையாகவே வாயில் போட்டு மென்று விழுங்கினார். அதற்குப் பிறகுதான் எனக்கு எடை போட்டார்.

ஈ உட்காராத சரக்கை அவர் விற்பதில்லை. தன் வாயில் போடாத சரக்கையும் விற்பதில்லை. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அடுத்த குப்பத்தில் அவருக்கு 'ஈ லோகா' என்று பெயர். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஈயாவது நம்மள நம்பி வருதே" என்பார்.

நாற்பத்தேழு வயது. குள்ளம். நடை மட்டும் நெட்டையானவர்களின் நடை. உள்ளங்கை இரண்டும் உப்பில் ஊறி ஊறி வெளுத்து, விரல் இடுக்குகளில் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்புப் பட்டால் எரியாதா என்று ஒருமுறை கேட்டேன். "எரியாம? அதுக்குனு பொண்ணு பாக்கவா போறாங்க என்னை" என்றார். மூன்று கூடை மீனுக்கு ஒரு கூடை உப்பு என்பது ஊர்க் கணக்கு. அவர் கூடையால் அளந்து நான் பார்த்ததில்லை. கையால் அள்ளி விசிறுவார், கச்சிதமாக இருக்கும். பழவேற்காடு சந்தையில் 'லோகாம்பா கை உப்பு' என்று சொல்லியே கேட்டு வாங்குவார்கள். பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி இங்கே வருகிற நானும் ஒன்பது வருஷமாக அந்தக் கைக்கு அடிமைதான்.

இந்த ஈ விவகாரம் இரண்டு வருஷப் பழக்கம். அதற்கு முன்னால் அவரும் ஈ விரட்டியவர்தான். மற்றவர்களைவிட நன்றாகவே விரட்டினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கருவாடு காயாது. ஈ முட்டை வைக்கும், இரண்டு நாளில் புழு நெளியும், ஒரு கூடை மீனும் ஒரு வாரத்து உழைப்பும் குப்பைக்குப் போகும். வெளியூர்ச் சந்தைகளுக்குச் சரக்கு எடுக்கும் வேலு என்ற வியாபாரி ஒரு மழைக்காலத்தில் பழுப்பு நிற பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டு கிழிந்திருந்தது. ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மூடி, முக்கி எடுத்துக் காயவைத்தால் போதும் என்றார். லோகாம்பாள் முக்கி எடுத்தார். ஒரு ஈகூட அண்டவில்லை. பாட்டில் தீரத் தீர வேலு புதிது கொடுத்தார், ஆறு மழைக்காலம் அப்படியே போனது.

"தெரிஞ்சா போட்டேன்? ஈ செத்துப்பூடும்னான். வேற இன்னா ஆவும்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல."

கேட்கவில்லை என்பது முழு உண்மை அல்ல. உள்ளுக்குள் எங்கேயோ கேட்டிருக்கிறார். அதனால்தான் வீட்டுக்கென்று தனியாக ஒரு பானை வைத்திருந்தார். மருந்தில் முக்காத கருவாடு அந்தப் பானையில், அடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில். மருந்தில் முக்கியது வியாபாரியின் சாக்கில்.  இதைச் சொன்ன அன்று, "எனக்குக் கொடுத்தது?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல வாங்கினது சாக்குச் சரக்கு சார்" என்றார், தலையைக் குனியாமல். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போய்விட்டேன். பொய் சொல்ல வசதி இருந்தும் சொல்லாத ஆளிடம் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருப்பது?

அவருடைய வீட்டுக்காரர் முத்து, ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். விடிவதற்கு முன் கஞ்சித் தூக்கும் சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு போவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சோறு இறங்கவில்லை என்றார். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புற்று என்றார்கள்.

இளம் வயது டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வரிசையாகக் கேட்டார். புகையிலை போடுவீங்களா? முப்பது வருஷமாகப் போடுகிறார். குடிப்பீங்களா? எப்போதாவது. உப்புக் கருவாடு நிறைய சாப்பிடுவீங்களா? அந்தக் கேள்விக்கு மட்டும் முத்துவின் முகம் மலர்ந்ததாம்.

"தெனம் துன்றது அதான் டாக்டரு. ஊட்டுப் பானையில கீறது புழு வெச்சிரும். நான் சாக்குலேர்ந்துதான் எடுத்துகினு போவேன். அது சுத்தமா இருக்கும். இவளுக்குத் தெரியாது."

லோகாம்பாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆறு வருஷம் திருடித் தின்ற பெருமையில் முத்து சிரித்தாராம். "நானும் சிரிச்சேன் சார். அந்த மனுசன் சிரிக்கும்போது நான் எப்டி அழுவுறது" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஒரு வாளையைத் திருப்பிப் போட்டார். நாலு மாதத்தில் முத்து போய்ச் சேர்ந்தார்.

இடையில் ஒருநாள் லோகாம்பாள், வேலு கடைசியாகக் கொடுத்த பாட்டிலைப் பழைய ஜாக்கெட் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போயிருக்கிறார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் தான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். "புகையிலை இருக்கு, உப்பு இருக்கு, வயித்துல கிருமி இருந்திருக்கலாம், இதுவும் இருக்கலாம். ஒரு ஆளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா." நல்ல டாக்டர்தான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர். ஆனால் லோகாம்பாளுக்கு அந்த 'இதுவும் இருக்கலாம்' மட்டும்தான் காதில் விழுந்தது.

காரணம் கேட்டால் பழவேற்காடு டீக்கடையில் ஆளுக்கொன்று கைவசம் வைத்திருப்பார்கள். தெற்கே தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சாம்பல் என்பார் ஒருவர். தெற்கிலிருந்து தென்னல் காற்று அடித்தால் காயப்போட்ட துணியில் அது படிவதை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். ஆற்றில் கலந்து ஏரிக்கு வரும் கழிவு என்பார் இன்னொருவர். பாக்கெட் மசாலா, பாமாயில், பிராய்லர் கோழி என்று பட்டியல் நீளும். கொதிக்கிற டீயைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கிக்கொண்டு போகிறவரும் பிளாஸ்டிக்தான் காரணம் என்று சொல்லிவிட்டே போவார். முன்பு ஊருக்கு ஒருவருக்கு என்று கேள்விப்பட்ட வியாதி இப்போது தெருவுக்கு ஒருவருக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ண வேண்டியவர்கள் வந்ததுமில்லை. வியாதி கூடியிருக்கிறதா, கண்டுபிடிப்பது கூடியிருக்கிறதா என்று பொன்னேரியில் உட்கார்ந்து நான் வாதம் செய்யலாம். குப்பத்தில் அந்த வாதம் எடுபடாது.

லோகாம்பாளின் மகன் அஜித்குமாருக்குச் சாம்பல்தான் காரணம். "எங்க நைனாவ அந்தப் புகைதான் சாவடிச்சிச்சி" என்று அடித்துச் சொல்வான். அம்மாவின் மனசை ஆற்றுவதற்காகவும் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றும். லோகாம்பாள் மறுத்துப் பேச மாட்டார். தலையை ஆட்டிக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்ப்பார்.

பாட்டில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் மருந்தும் இருக்கிறது. கூரைக்குக் கீழே, சுவரின் மேல், கை எட்டாத இடத்தில் அதே ஜாக்கெட் துணியில் சுற்றியபடி. ஏன் இன்னும் தூக்கி எறியவில்லை என்று கேட்டேன்.

"எங்க ஊத்தட்டும் சொல்லு. மண்ணுல ஊத்துனா கெணத்துல எறங்கும். ஏரில ஊத்துனா எறா சாவும். கடல்ல ஊத்துனா மீனு துன்னும், மீன நாம துன்னுவோம். நீ வாத்தியாரு, ஒரு எடம் சொல்லேன்."

 இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறவன் நான்.

மகள் கலைவாணியைப் பக்கத்துக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், பெண் குழந்தை பெற்று இருபத்திரண்டு நாள் ஆகிறது. பால் போதவில்லை. இந்தக் குப்பங்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு தாய் கையால்தான். பூண்டு, மிளகு, அதோடு காரப்பொடிக் கருவாடு. காரப்பொடி சின்ன மீன், அதைச் சாப்பிட்டால் பால் ஊறும் என்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத விஷயம். லோகாம்பாள் இருபத்தொரு நாளும் பூண்டும் முருங்கைக்கீரையுமாகவே போட்டார். சம்பந்தியம்மா போனில், "கருவாட்டுக்காரி ஊட்ல கருவாட்டுக்குப் பஞ்சமா? கொயந்த கத்துதாமே" என்று கேட்டுவிட்டார். குழந்தை கத்துவது உண்மைதான்.

கிராம நர்ஸ் ரோஸ்மேரி குழந்தையை எடை பார்க்க வந்தபோது நான் அங்கே இருந்தேன். லோகாம்பாள் ஒரு தட்டில் காரப்பொடியைக் கொண்டுவந்து காட்டினார். உப்பு அதிகம் போடாமல் தானே வெயிலில் காயவைத்தது.

"ஈ ஒக்காந்திச்சிம்மா. ரெண்டு வாட்டி பாத்தேன். குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க அக்கா. சின்ன மீன் நல்லதுதான். உப்பு மட்டும் கொறச்சலா இருக்கட்டும்" என்றார் ரோஸ்மேரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான பெண், நிறுத்தவில்லை. "ஆனா இந்த ஈயை வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. மருந்து இருந்தாலும் சில நேரம் ஒக்காரும். சாம்பல், தண்ணில கலக்குறது, இதெல்லாம் ஈக்குத் தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"லேப்ல குடுத்துப் பாக்கணும்."

"எந்த லேபு?"

ரோஸ்மேரி குழந்தையின் எடையைப் பதிவேட்டில் எழுதினார்.  எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. அவரும் இந்த ஊர் மீனைத்தான் சாப்பிடுகிறார்.

நர்ஸ் போன பிறகு லோகாம்பாள் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை மறுபடி கத்தத் தொடங்கியது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

சோறு, மிளகும் பூண்டும் அரைத்த குழம்பு, அதில் மூன்று காரப்பொடி. கலைவாணி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கையை நீட்டினாள். "இரு" என்றார் லோகாம்பாள். தட்டை வாசல் வெளிச்சத்தில் வைத்தார். காத்திருந்தோம். ஒரு ஈ வந்தது, சுற்றியது, நடு மீனின் மேல் உட்கார்ந்தது.

"ஒக்காந்திச்சிம்மா. துன்னவா? பசிக்குது" என்று கலைவாணி சிரித்தாள். அப்பாவின் சிரிப்பு அவளுக்கு.

லோகாம்பாள் ஒரு மீனின் வாலைக் கிள்ளி மென்று விழுங்கினார். பிறகும் தட்டைக் கொடுக்கவில்லை. கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டுவந்தார். காசு கொடுத்து வாங்கும் தண்ணீர், குடிப்பதற்கு மட்டும் வைத்திருப்பது. குழம்பிலிருந்து ஒரு மீனை எடுத்து டம்ளருக்குள் விட்டு, வெடித்த கட்டைவிரலால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து அலம்பி, உதறி, குழம்பு படாத சோற்றின் மேல் வைத்தார். அடுத்த மீன். அதற்கடுத்த மீன். மிளகும் பூண்டும் எல்லாம் போய், மூன்றும் வெளுத்துக் கிடந்தன. கலைவாணி தட்டை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினாள்.

டம்ளரில் தண்ணீர் கலங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு லோகாம்பாள் வாசலுக்கு வந்தார். மணலைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். திரும்பிக் கூரைக்குக் கீழே பாட்டில் இருக்கும் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் தானே குடித்தார்.