ஒரு பொட்டுத் தூசி இல்லாத கார்

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் மாஸ்டருக்குத் தூசி என்றால் ஜென்மப் பகை. மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், பங்காளி என்று முகம் தெரிந்த எதிரிகள் இருப்பார்கள். இவருடைய எதிரி கண்ணுக்கே தெரியாது. ஈரப் பெயின்ட்டில் ஒரு துகள் வந்து உட்கார்ந்தால் போதும், காய்ந்த பிறகு அது சின்ன வேர்க்குருவைப் போல விரலில் தட்டுப்படும். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அப்படிக் குரு தட்டுப்பட்ட நாளில் தெருவில் யாரும் மாஸ்டரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். சாதாரண நாளிலேயே அவருக்கு மூக்கின் மேல் கோபம். தெருவில் அவருக்குத் 'தூசி மாஸ்டர்' என்றுதான் பெயர், அவர் காதில் விழாத தூரத்தில்.

முன்பக்கம் பெயின்ட் ஷெட், பின்பக்கம் தனிப் பக்கவாசலோடு வீடு, நடுவில் ஒரு கதவு. ஷெட்டில் ஈரம் காயும்வரை அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று வரும், காற்றோடு வீட்டுத் தூசி வரும். ஒருமுறை அவர் மனைவி மறந்துபோய் டீயோடு கதவைத் திறந்துவிட்டாள். அவர் போட்ட சத்தத்தில் நின்ற இடத்திலேயே திரும்பிப் போனாள். அன்று டீ முழுக்கத் தரைக்குத்தான்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். அக்கா என்றால் மாஸ்டரின் அக்கா. அம்மா போனபோது கைக்குழந்தையாக இருந்தவரைத் தூக்கி வளர்த்தவள். வாழப் போன இடத்தில் ஒட்டாமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவள் சொன்ன வழி எளிமையானது. வீட்டுப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினால், ஏதோ வேண்டும், வா என்று அர்த்தம். ஷெட்டிலிருந்து பதிலுக்குத் தட்டினால், இன்னும் ஈரம், இரு என்று அர்த்தம். சாப்பாடு, போன், வந்த விருந்தாளி எல்லாம் இந்தத் தட்டலில்தான் நடந்தது. வீடும் அமைதியானது.

அக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. பெயின்ட் வாடையும் தூசியும் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஷெட்டை வேறு இடத்துக்கு மாற்றப் பார்க்கிறேன் என்று மாஸ்டரும் அவருக்கு வாக்குக் கொடுத்தார். வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா அறையின் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது. ஊரார் காருக்கெல்லாம் கண்ணாடி மாற்றத் தெரிந்த மனுஷனுக்கு அதற்கும் நேரம் வாய்க்கவில்லை.

புழுதிப் புயல் வந்த அன்று மத்தியானம் ஒரு பேக்கரிக்காரரின் காருக்கு வேலை முடியும் கட்டம். கருப்புக் கார். கருப்பு நிறம் என்றாலே பெயின்ட்டருக்கு ஒரு பரீட்சை, எந்தக் குறையும் அதில் ஒளியாது. மினுமினுப்புக்கான கடைசிக் கிளியர் கோட் அடித்துவிட்டு மாஸ்டர் ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தபோது, துணிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, இங்க வானமே செவந்து போய் கெடக்கு. பெரிய புழுதிப் புயலாம். அண்ணி ரூம் ஜன்னலுக்கு ஈரத்துணி போட்டு அடைங்க. அவங்கள தனியா விட்டுடாதீங்க. காதுல விழுதா?"

"விழுது, விழுது."

விழுந்தது. காதில் மட்டும் விழுந்தது. மாஸ்டர் ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே பார்த்தார். தெருக்கோடியில் வீடுகளுக்கு மேலே செங்கல் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது கார் மட்டும்தான்.

தூசியை எப்படி அடைப்பது என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரத்துணி வேண்டும், நிறைய வேண்டும். வீட்டுக்குள் ஓடினார். திரைச்சீலைகளைக் கொக்கியோடு பிடுங்கினார். துண்டு, மேஜை விரிப்பு, சோபா உறை எதையும் விடவில்லை. கடைசியில் அக்கா அறைக்கு வந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிக்கா, எந்திரி. வெளிய புயல் வருது, வண்டி ஈரமா நிக்குது."

அவள் எழுந்து நின்றாள். அவர் போர்வையையும் விரிப்பையும் சேர்த்துச் சுருட்டினார். ஜன்னல் திரைக்கு அவர் கை எட்டுவதற்குள் அவளே அதை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"இதையும் எடுத்துக்கடா. பாவம், எத்தன நாள் ஒழைப்பு."

மனைவி சொன்னது அப்போதாவது நினைவுக்கு வந்திருக்கலாம். வந்தது. வேலை முடிந்ததும் ஒரு துணியைக் கொண்டுவந்து ஜன்னலை அடைத்துவிடலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

துணிகளைத் தண்ணீரில் முக்கி ஷட்டரின் அடியில் திணித்தார், கூரை இடுக்குகளில் செருகினார், ஜன்னல்களில் கட்டினார். தரை முழுவதும் தண்ணீர் தெளித்தார். துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நின்றபோது புயல் வந்து மோதியது. கரண்ட் போனது. தகரக் கூரை கழன்று வருவதைப் போல அலறியது. மாஸ்டர் டார்ச்சைக் காரின் மேல் அடித்தபடி நின்றார்.

சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அவர் பதிலுக்குத் தட்டினார்: ஈரம், இரு.

சற்று நேரத்தில் மறுபடி தட்டல். இருட்டில் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் தட்டினார். அதற்குப் பிறகு வந்த தட்டல் மெலிதாக இருந்தது. மாஸ்டருக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்தில் என்ன தலை போகிற விஷயம்? முஷ்டியை மடக்கி ஓங்கித் தட்டினார். அப்புறம் அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. புரிந்துகொண்டாள் என்று நிம்மதியானார்.

காற்று ஓய்ந்ததும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பானெட், கூரை, கதவுகள், டிக்கி. எங்கும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஊரே புழுதியில் புதைந்திருக்க, இது மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் கதவைத் திறந்தார்.

"அக்கா! வந்து பாரு! ஒரு பொட்டுத் தூசி இல்ல!"

வீட்டுக்குள் எதிர்ச்சுவர் தெரியவில்லை. புழுதி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் அட்டை பிய்ந்து நடுக்கூடத்தில் கிடந்தது. அக்கா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது.

"இன்ஹேலர் எங்கக்கா? எங்க வச்ச?"

அவள் தெரியாது என்று கையை மட்டும் அசைத்தாள். மாஸ்டர் அலமாரியைக் கலைத்தார், கட்டிலுக்கு அடியில் தேடினார், கிடைக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பேக்கரிக்காரர் கார் பத்தடி தூரத்தில் நின்றது. சாவி அவர் பையிலேயே இருந்தது.

அவர் தெருவுக்கு டாக்ஸி தேடி ஓடினார்.

அந்தப் புழுதியில் எந்த டாக்ஸி வரும்? முனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அப்போது மனைவி தலையெல்லாம் மண்ணாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"இங்க நின்னு என்ன பண்றீங்க?"

"அக்காவுக்கு இழுப்பு... டாக்ஸி..."

அவள் திறந்துகிடந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், ஷெட்டையும் பார்த்தாள். "அப்போ உள்ள நிக்கிறது என்னங்க?"

மாஸ்டர் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். இரண்டு பேருமாக அக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது, அதன் கருப்பெல்லாம் போய் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' எங்கே போனது என்று மாஸ்டருக்குத் தெரியும். முனைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் போனது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டைக் கழுவினார்கள். சர்க்கரை டப்பாவில் மண், மடித்துவைத்த சட்டைக்குள் மண், மூடியிருந்த பெட்டிக்குள்ளும் மண். துடைத்த இடத்தில் மறுநாள் காலையில் மறுபடி ஒரு படலம் இருக்கும். ஷெட்டில் காய்ந்து விறைத்துக் கிடந்த துணிகளை மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். அக்காவின் போர்வையை உதறியபோது, டக்கென்று ஒன்று தரையில் விழுந்து உருண்டது. இன்ஹேலர்.

தலையணைப் பக்கத்தில் இருந்ததைப் போர்வையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டது இவர் காலடியில் கிடந்திருக்கிறது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி வரும் சத்தம் கேட்டதும் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன், திருட்டுப் பிள்ளை மாதிரி.

"அண்ணி அந்த மருந்த எங்கதான் வச்சாங்களோ. தேடாத எடமில்ல" என்றாள் மனைவி.

"கெடைக்கும்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பேக்கரிக்காரர் வந்தால் தாட்பூட்டென்று குதிப்பார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். குதித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்த மனிதரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காரு கெடக்குது மாஸ்டர். ஈரப் பெயின்ட்ட பாக்காம அக்காவத் தூக்கிட்டு ஓடுனீங்களே, அதுதான் பெருசு. நீங்க எப்ப முடியுமோ அப்ப அடிச்சுக் குடுங்க." பேச்சு அவரோடு நிற்கவில்லை. தெருவே பேசியது. 'தூசி மாஸ்டர்' என்று கேலி செய்த வாயெல்லாம் இப்போது, கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும் என்றது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மாஸ்டர் கூனிக் குறுகிப் போனார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டவும் முடியவில்லை. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அவளுக்குப் பாதி தெரியும்.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று பேக்கரிக்காரர் ஒரு பெரிய கேக்கோடு வந்து, அவள் முன்னாலேயே அந்தப் புகழ்ச்சியை மறுபடி அவிழ்த்துவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பூரித்துப் போயிற்று.

"எந்தம்பி சின்னதுலேருந்தே அப்படித்தான். எல்லாம் என் மறதியால வந்தது. மருந்த எங்கயோ வச்சுத் தொலைச்சுட்டு, பாவம், அவன் வேலையையும் கெடுத்துட்டேன்."

மாஸ்டர் எழுந்து பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். வந்தவர் போன பிறகுதான் திரும்பி வந்தார். மனைவியும் அங்கேதான் இருந்தாள். அவர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார்.

"நீ தொலைக்கலக்கா. நான்தான் போர்வையோட சேத்து எடுத்துட்டுப் போயிட்டேன். ஜன்னல அடைக்கச் சொன்னா இவ, அடைக்கல. காரையும் நானா எடுக்கல. பெயின்ட் போயிடுமேன்னு டாக்ஸி தேடிப் போனேன். இவ வந்து கேட்ட பெறகுதான் எடுத்தேன்."

அக்கா இன்ஹேலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓ, இதுல போச்சா? நான் வீடெல்லாம் தடவிப் பாத்தேன்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டவில்லை. அது பொறுக்காமல் அவரே அவள்மேல் கொஞ்சம் பழியைத் தள்ளப் பார்த்தார்.

"கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லையேக்கா. லேசாத் தள்ளுனா தொறந்திருக்குமே. உசுரு போற நேரத்துலயும் சுவத்தையா தட்டிக்கிட்டிருப்ப? ஏன் உள்ள வரல?"

அக்கா இதென்ன கேள்வி என்பதைப் போல அவரைப் பார்த்தாள்.

"நீதான் ஈரம்னு தட்டுனியேடா. தொறந்தா கத்துவியே."

அவள் குத்திக்காட்டவில்லை. வெயிலில் போனால் சுடும் என்று சொல்வது மாதிரி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தப் பதிலில் ஆச்சரியம் ஏதுமில்லை என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

இனிமேல் கத்த மாட்டேன் அக்கா என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அவள் அதையும் நம்பிவிடுவாள் என்று தோன்றியது. சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.