வாழ்க்கை வரலாறுகளுக்கு நடுவே ஒரு லிஃப்ட்காரர்

அந்தப் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் அவரை முன்னுரை என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் அல்ல, முதுகுக்குப் பின்னால். அவருக்கும் அது தெரியும். கழிப்பறை எங்கே என்று யாராவது கேட்டால்கூட, இந்தக் கட்டடத்தை முதலில் யார் வாங்கினார்கள் என்பதிலிருந்து தொடங்குவார். நாவல் வாங்க வந்தவர் ஒருவர், அதை எழுதியவரின் பள்ளிக்கூடக் காலம் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று வெறுங்கையோடு கிளம்பியதும் உண்டு. இருந்தாலும் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் நிற்க வேண்டும் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். முதலாளியம்மாகூட அதில் வாய் திறக்கமாட்டார்.

கடையில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆனால் அடுத்தது அப்படிப் போகாது என்று அவருக்கு உறுதி, ஏனென்றால் அடுத்ததற்குக் கையில் ஒரு ஆள் இருந்தார். அவருடைய மாமனார்.

மாமனார் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். மூலையில் ஒரு ஸ்டூல், கைக்கு எட்டுகிற தூரத்தில் பொத்தான்கள், வாயில் ‘எந்த மாடி’ என்ற ஒரே கேள்வி. வீட்டில் பேசவே மாட்டார். மனுஷனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை போல என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி வந்த மருமகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் சும்மா இருக்காமல், “லிஃப்ட்டுக்குள்ள ஜனங்க என்ன மாமா பேசுவாங்க?” என்று கேட்டுவைத்தார். கிழவர் அன்றைக்குத் திறந்த வாயைச் சாயங்காலம்தான் மூடினார். அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் என்றால் மாமனாரும் மருமகனும்தான். ஆபீசர்கள், ராஜினாமாக் கடிதத்தோடு மேலே போய் அதோடேயே கீழே இறங்கிவந்தவர்கள், ரெண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றபோது சாமி கும்பிட்ட நாத்திகர். கேட்டதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மருமகன் கை கால் வைத்துச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். “இதைத்தான் எழுதப்போறேன்” என்பார்.

எழுதினார். முதல் அத்தியாயத்தை எழுதினார், கிழித்தார், மறுபடி முதல் அத்தியாயத்தை எழுதினார். கூரியர் ஆபீசில் பார்சல்களைப் பிரித்து அனுப்பிவிட்டு வரும் அவர் மனைவி கேட்பாள்: “எங்கப்பாவை லிஃப்ட்டுக்குள்ள ஏத்தியாச்சா, இன்னும் வாசல்லயே நிக்கறாரா?”

வாசலில் நின்றபடியேதான் கிழவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே புத்தகம் வந்துவிட்டது. எழுதியது முன்னுரை அல்ல. அவருடைய மச்சினன்.

மச்சினனை வீட்டில் சின்னவன் என்பார்கள். பல் கட்டும் லேபில் வேலை. பகலெல்லாம் யாரோ ஒருவருடைய வாய்க்கு மெழுகில் பல் செதுக்குவான், மிச்ச நேரத்தில் படம் போடுவான். அவன் படம் போடுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, முன்னுரை உட்பட. அவன் அப்பாவின் வாழ்க்கையைக் காமிக்ஸாகப் போட்டு, ஒரு பதிப்பாளரையும் பிடித்து, கெட்டி அட்டையில் கொண்டுவந்துவிட்டான்.

மனைவி பார்சலைப் பிரித்து நீட்டினாள். “சின்னவன் முடிச்சுட்டான்.”

முடித்துவிட்டான் என்பதை அவள் எந்த உள்ளர்த்தமும் வைத்துச் சொல்லவில்லை. வைத்துச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முன்னுரை புத்தகத்தை வாங்கி, ஒரு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்ல தாளா போட்டிருக்கான்.”

“தாளா? பிரிச்சுப் பாருங்க. உங்களையும் வரைஞ்சிருக்கான்.”

“பாக்கறேன், பாக்கறேன். கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல.”

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் உள்ளே போனாள். புத்தகம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது, அங்கேயே கிடந்தது. உப்பு முதல் ஊசி மருந்து வரை எந்தப் பாக்கெட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் படிக்கிற மனிதர், அந்த ஒரு புத்தகத்தின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் தெரிகிற முகத்தைப் பார்த்து, ‘எனக்கென்ன, சந்தோஷம்தான்’ என்று சொல்லிப் பார்ப்பார். முகம் அதை நம்பவில்லை.

பத்து நாளில் கடைக்கும் பிரதிகள் வந்தன. முதலாளியம்மா ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

“உங்க மச்சினர் போட்டதாமே. இதை எங்க வைக்கறது? வாசல்ல, காமிக்ஸ்ல?”

வாசல் பக்கம்தான் காமிக்ஸ். கல்லூரிக் கூட்டம் தரையிலேயே உட்கார்ந்து படிக்கும், கடையிலேயே அதிகம் விற்றுப்போவது அங்கேதான். நடுவில் நாவல்கள், முன்னுரையின் சொந்த ராஜ்ஜியம். கடைசிச் சுவரில், ஏசி ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்தில், வாழ்க்கை வரலாறுகள்.

“இல்லம்மா,” என்றார் முன்னுரை நிதானமாக. “படம் இருக்குங்கறதுக்காகக் காமிக்ஸ்னு சொல்லிட முடியுமா? ஒரு உண்மையான மனுஷனோட வாழ்க்கை. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. பின் சுவருக்குத்தான் போகணும்.”

முதலாளியம்மாவுக்கு அவர் நியாயம் பிடித்துப்போனது. “சொந்தக்காரர்னு முன்னாடி வைக்காம, முறைப்படி வைக்கறீங்க பாருங்க.”

அந்த முறைதான் அவருடைய ஆயுதம். பின் சுவரில் புத்தகங்களை எழுதியவர் பெயரை வைத்து அடுக்கமாட்டார்கள், வாழ்ந்தவர் பெயரை வைத்துத்தான் அடுக்குவார்கள். போர் நடத்திய தளபதியைத் தேடி வருகிறவர் தளபதியின் பெயரில் தேடுவார். லிஃப்ட் ஓட்டியவரை யார் தேடி வருவார்கள், எந்தப் பெயரில்? அகரவரிசைப்படி மாமனார் ஒரு தளபதிக்கும் ஒரு டென்னிஸ் வீராங்கனைக்கும் நடுவில் போய் நின்றார். முன்னுரை ரெண்டு பக்கமும் தள்ளி நெருக்கிவிட்டார். வெளியே முதுகு மட்டும் தெரிந்தது. மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

ஆனால் தொழில் தெரிந்த மனிதர் ஒன்றை யோசிக்கவில்லை. கடையில் நாற்காலி இருக்கிற ஒரே இடம் அந்தப் பின் சுவர்தான்.

முதலில் சிக்கியவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். தளபதியைக் கேட்டு வந்தார். நெருக்கி வைத்ததன் பலன், தளபதியை இழுத்தபோது லிஃப்ட்காரரும் கூடவே வெளியே விழுந்தார். குனிந்து எடுத்தவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. முன்னுரை நாவல்களுக்குத் தூசி தட்டுகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பில் போடும் இடத்துக்கு அவர் லிஃப்ட்காரரை மட்டும் கொண்டுவந்தார்.

“தளபதி சார்?” என்றார் முன்னுரை.

“அவரு எங்க போகப்போறாரு, அப்புறம் வாங்கிக்கறேன்.” பெரியவர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். “நீங்கதானே இதுல வர்ற மருமகன்? மூக்கு அப்படியே இருக்கு.”

பிறகு அவர் தன் நடைப்பயிற்சி நண்பர்களை அனுப்பினார். அவர்கள் தங்கள் வீட்டுக்காரம்மாக்களை அனுப்பினார்கள். காமிக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஜனங்கள், கையில் பையோடு, “அந்த லிஃப்ட்காரர் இருக்காராமே” என்று ஆளையே விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களெல்லாம் அவர் மூக்கைப் பார்த்தார்கள். பிரதிகள் தீர்ந்து மறுபடி வந்தன. “உங்க கணக்கு தப்பாதுங்க,” என்றார் முதலாளியம்மா. “வாசல்ல வெச்சிருந்தா பசங்க படிச்சுட்டு அங்கேயே போட்டுட்டுப் போயிருப்பாங்க.” அவர் பாராட்டப் பாராட்ட முன்னுரைக்கு உள்ளே காந்தியது.

மூக்கு விஷயம்தான் கடைசியில் அவரை உட்காரவைத்தது. ஒரு மத்தியானம் ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே, புத்தகத்தைத் திறந்தார்.

திட்டியிருப்பான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. பெரிய மூக்கும் சட்டைப் பையில் பேனாவுமாக மருமகன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் உட்கார்ந்திருந்தான். கிழவர் சொல்கிறார், மருமகன் ‘அப்புறம்?’ என்கிறான். அத்தனையும் அவர் கேட்டு வாங்கிய கதைகள், அவர் சாப்பாட்டு மேஜையில் சொன்ன கதைகள். அவர் கூட்டிச் சொன்ன இடத்தில் சின்னவன் குறைத்திருந்தான், குறைத்ததுதான் நன்றாக இருந்தது. தப்புத் தேடினார். ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்து லிஃப்ட்டுக்குக் கம்பிக் கதவு, இவன் வழவழவென்று தகட்டுக் கதவு போட்டிருக்கிறான். அந்தச் சந்தோஷம் ரெண்டு பக்கம் தாங்கியது.

பிறகு ஐந்தாவது மாடி வந்தது.

வேலையின் கடைசி நாள். லிஃப்ட்டில் ஆள் இல்லை. கிழவர் ஐந்தாவது மாடியில் நிறுத்துகிறார். கதவைத் திறக்கிறார். இத்தனை வருஷம் அந்தக் கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டவர், முதல்முறையாகக் காலை வெளியே வைக்கிறார். நீளமான நடைவழி. மூடிய அறைகள். கோடியில் ஒரு ஜன்னல், ஒரு வாஷ்பேசின். முகம் கழுவிக்கொள்கிறார். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பார்க்கிறார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்காருகிறார். ஒரு சொல் கிடையாது. கடைசிக் கட்டத்தில் மட்டும் காலி லிஃப்ட்டைப் பார்த்துச் சொல்கிறார்: ‘பாத்தாச்சு. போலாம்.’

முன்னுரை அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எதிரே உட்கார்ந்து ‘அப்புறம், அப்புறம்’ என்று கேட்டவரிடம் கிழவர் இதைச் சொல்லவில்லை. கதைகள் போனால் போகட்டும், அந்தக் கதைகள் யாரிடம் சொல்லப்பட்டனவோ அந்த ஆள் தான்தான் என்பது மட்டும் இதுவரை அவருக்கு மிச்சமிருந்தது. இப்போது அதுவும் இல்லையா? பேசாத மகனிடம் இதைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போனாரா?

அந்த வாரமே சின்னவன் கடைக்கு வந்தான், வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட. பின் சுவருக்கு முன்னால் மேஜை போட்டிருந்தார்கள். ஆள் வருவதற்குள் முன்னுரை அவனை ஸ்டாக் ரூமுக்குள் கூப்பிட்டார்.

“புக் படிச்சேன்டா.”

சின்னவன் முகம் மலர்ந்தது. “படிச்சீங்களா மாமா? அக்கா நீங்க தொடவே இல்லன்னு சொன்னா.”

“லிஃப்ட் கதவு தப்பு. கம்பிக் கதவு.”

“தெரியும் மாமா. கம்பி போட்டா ஒவ்வொரு கட்டத்துலயும் போடணும், கை விட்டுப்போகும்.”

“சரி, அதை விடு.” அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். “அந்த அஞ்சாவது மாடி. உங்கிட்ட எப்ப சொன்னார்?”

“யாரு, அப்பாவா?” சின்னவன் சிரித்தான். “எங்கிட்ட என்னைக்கு மாமா பேசினார்? சாப்பிட்டியா, லைட்டை அணை. அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருப்பீங்க, நான் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து சுவத்துல காதை வெச்சுக் கேட்டுட்டிருப்பேன். உங்க மேல எவ்வளவு ஆத்திரம் வரும் தெரியுமா? பெத்தவர் எனக்கு, கதை உங்களுக்கு.”

“அப்ப அது?”

“நானா போட்டதுதான். நடக்கவே இல்ல. கடைசி அத்தியாயத்துக்கு எதுவும் இல்ல, அப்பா கடைசி நாள்ல என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சேன், அது வந்துது.”

கிழவர் தன்னை ஏமாற்றவில்லை என்று முன்னுரைக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் அதைவிடப் பெரியது ஏறி உட்கார்ந்தது. நாவல்காரர் அவர். கற்பனை அவர் பேட்டை. கேட்டது ஒரு எழுத்து மாறிவிடுமோ என்று பயந்து அவர் வாசலிலேயே கிழவரை நிறுத்திவைத்திருந்தார், மெழுகுப் பல் செய்கிறவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதைவிட மோசம், அந்தப் பொய்யில்தான் கிழவர் அச்சு அசலாக இருந்தார்.

வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பேங்க் பெரியவர்தான் வரிசையில் முதல். புத்தகத்தை நீட்டாமல் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த அஞ்சாவது மாடி நிஜமா நடந்ததா? எங்க வீட்ல நம்பமாட்டேங்கறா.”

சின்னவன் தலையைச் சொறிந்தான். வாயைத் திறந்தான்.

“நடந்தது சார்,” என்றார் முன்னுரை.

சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“எங்கிட்டதான் சொன்னார். ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல மழை. இவன் படத்துல விட்டுட்டான், அந்த வாஷ்பேசின் குழாய் சரியா மூடாது. சொட்டிட்டே இருக்கும். அவர் தோள்ல இருந்த துண்டோட ஓரத்தைக் கிழிச்சு, குழாயைச் சுத்திக் கட்டிட்டுத்தான் திரும்பினார். ‘இத்தனை வருஷம் என் தலைக்கு மேல இது சொட்டிட்டிருந்திருக்கு மாப்ளே, எனக்குத் தெரியல பாரு’ன்னார்.”

முன்னுரையில்லாமல், தடுக்காமல், வந்துகொண்டே இருந்தது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டுக்கோ,” என்று பின்னால் நின்ற மனைவியிடம் சொன்னார். யாரோ ஒருவர் முன்னுரையிடமே புத்தகத்தை நீட்டி, “நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார்” என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சின்னவன் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை கொஞ்சம் விலகியதும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“மாமா. நிஜமாவே சொன்னாரா?”

அந்த முகம் அவருக்கு நன்றாகப் பழகிய முகம். இத்தனை நாளும் ஷேவ் செய்கிற கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லடா, சும்மா அடிச்சுவிட்டேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

“சொன்னார்,” என்றார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையேடா,” என்று சொல்லிவிட்டு, முன்னுரை அடுத்தவரின் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார்.