எனக்கு மட்டும் கேட்காத கீச்சொலி

ராவாங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறேன். ஞாயிறானால் எங்கள் இசைக்குழுவில் கிட்டார். அன்று புக்கிட் செந்தோசா மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு ஒத்திகை. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. பாடகி மலர் ஒரு கையால் காதைப் பொத்தி, மறு கையால் என் கிட்டார் ஒலிபெருக்கியைக் காட்டி, "அண்ணா, உங்க ஆம்ப் கீச்சுன்னு கத்துது லா, கெய்னைக் கொஞ்சம் குறைங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "கத்துறது உன் மைக்கு. பாட வரலைன்னா கிட்டார் மேல பழி போடாதே!" என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

மலர் மைக்கை அணைத்தாள். அப்போதும் டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளித்தபடியே இருந்தார். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா காதில் விரலை விட்டிருந்தார். மலர் வந்து என் ஆம்பில் ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழைப் பாதியாகக் குறைத்தாள். டிரம்ஸ்காரர் முகம் தெளிந்தது; அந்த அம்மாவின் கை இறங்கியது.

"நின்னுடுச்சுண்ணா."

எது நின்றது? எனக்கு முன்பும் அமைதிதான், இப்போதும் அமைதிதான். தொழிற்சாலையில் கொடுத்த காதடைப்பான்களைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இயந்திர இரைச்சலில் வேலை செய்த வருஷங்கள் கண்முன் வந்தன.

இப்போதெல்லாம் ஆம்பைப் போட்டதும் மலரின் முகத்தைப் பார்க்கிறேன். அவள் தலையசைத்த பிறகே கம்பியைத் தொடுகிறேன். ஏனென்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.