செல்வநாதன் வாசிக்க வேண்டிய வரி

சென்ற மாதம் காலமான செல்வநாதனை, அவருடைய கிளாரினெட்டை விலக்கிவிட்டு நினைக்க எனக்குத் தெரியவில்லை. இராயபுரத்தில் அவருடைய வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்தவை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை முடிந்து வந்து குளித்தவுடன், சோற்றுக்கு முன்பே அவர் குழலைத்தான் எடுப்பார். வாசித்து முடித்ததும், மூச்சின் ஈரத்தால் நனைந்த குழலுக்குள் துணியை விட்டு இழுத்துத் துடைப்பதும், ஈரத்துணியைக் கொடியில் உலர்த்துவதும் அவருடைய மனைவி சிலுவையம்மாளின் வேலைகள்.

"கல்யாணத்தன்னிக்கே மாலையோட பேண்டுல நின்னு வாசிச்சிகினு இருந்தாரு. ஃபாதர்தான் வந்து கைய புடிச்சி இட்டுகினு போனாரு" என்று அந்த அம்மையார் சொல்லிச் சிரிப்பார்.

முதுமையில் நுரையீரல் பழுதுபட்டது. குழல் ஊதக் கூடாது என்றார் மருத்துவர். ஆனால், அவர் வாசித்துவந்த மாதா கோவில் பேண்டுக் குழுவினருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயுற்று வீட்டிலிருக்கும் வாத்தியக்காரரின் வாசலில் திருவிழாத் தேர் நிற்கும். குழுவினர் மாதா பாட்டின் முதல் வரியை வாசிப்பர்; இரண்டாம் வரியை அவர் வாசலிலிருந்தே வாசிக்க வேண்டும். அவருடைய வரியைப் பிறர் வாசிப்பது, அவருடைய அடக்கத்தன்று மட்டுமே.

சென்ற ஆண்டுத் திருவிழா நெருங்கியபோது செல்வநாதன் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

"இன்னாயா, வாயே தொறக்க மாட்டேன்ற?"

"ஒரு வரிதான சிலுவ. அதுக்கு மூச்ச சேத்து வெச்சிகினு கீறேன்."

"மூச்சு இன்னா சில்லறையா, உண்டியல்ல சேத்து வெக்க?"

தேர் வந்தது. வாசலில் நாற்காலியிட்டு அவரை அமர்த்தினோம். குழுத்தலைவர் சாலமன் டிரம்பெட்டில் முதல் வரியை வாசித்துவிட்டுக் காத்திருந்தார். செல்வநாதன் குழலை உதட்டில் வைத்தார். விரல்கள் ஒரு பிழையுமின்றி விசைகள்மேல் நடந்தன. ஓசை எழவில்லை.

அவர் ஆயத்தமாகவில்லை போலும் என்று எண்ணிச் சாலமன் அவ்வரியையே மீண்டும் வாசித்தார். இம்முறையும் குழலுக்குள் காற்றுகூட இறங்கவில்லை. இருமல்தான் வந்தது. போய்விடுங்கள் என்று சிலுவையம்மாள் கையை அசைத்தார். பொறுக்கச் சொல்வதாகப் புரிந்துகொண்டு, அவர்கள் மூன்றாம் முறையும் வாசித்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற நான் எதைப் பிடித்துக்கொள்வதென்று தெரியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சாலமன், பின்னாடி பஸ்ஸு நிக்குது. நீயே வாசிச்சிட்டு வாயேன்" என்றார் தேர்வடம் பிடித்திருந்தவர்களுள் ஒருவர்.

"உசுரோட கீற மனுசன் வரிய நான் எப்டி வாசிக்கிறது நைனா?" என்று சொல்லிவிட்டு, சாலமன் வாசற்படியருகே வந்து குனிந்தார். "மாமு, மெதுவா ஊது. நாங்க நிக்கிறோம்."

செல்வநாதன் குழலை மடியில் இறக்கினார். தேரைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

"மாதாவ நிக்க வெக்காத. இட்டுகினு போ."

தேர் நகர்ந்தது. இரண்டாம் வரி இல்லாமலே பாட்டு அடுத்த தெருவுக்குச் சென்றது. மடியிலிருந்த குழலின்மேல் அவருடைய விரல்கள் அவ்வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தன.

விரல்கள் ஓய்ந்த பிறகு சிலுவையம்மாள் குழலை வாங்கித் துண்டு துண்டாகக் கழற்றினார். எப்போதும்போல் உள்ளே துணியை விட்டு இழுத்தார். அதில் ஈரமில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் உலர்ந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.